விண்டோஸ் சேவைகளைக் கண்காணிக்க ஒரு டிரே கருவி: முதன்முறை எழுதுபவர்களுக்கான வழிகாட்டி

உங்கள் நிரல் பத்துக் கடைகளில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கணினியிலும் பின்னணியில் ஒரு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் சேவை, அச்சு வேலைகளை வரிசைப்படுத்தும் விண்டோஸின் பிரின்ட் ஸ்பூலர், அன்றாடக் கணக்கைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பும் உங்கள் சொந்தச் சேவை என்று மூன்று சேவைகள், அதாவது ஜன்னல் இல்லாத பின்னணி நிரல்கள், ஓடுகின்றன. இவற்றில் ஒன்று நின்றால் பில் போடுகிறவருக்குத் தெரிவதெல்லாம் "பில் வரவில்லை" என்பது மட்டும்தான். அவரிடம் அட்மின் கடவுச்சொல் கிடையாது, இருக்கவும் கூடாது. டாஸ்க்பாரின் வலது மூலையில் (அந்த இடத்துக்குத்தான் டிரே என்று பெயர்) ஒரு சிறு ஐகான், எது ஓடுகிறது எது நின்றது என்ற செய்தி, வலது கிளிக் செய்தால் "மறுபடி தொடங்கு" என்று ஒரு வரி. அவருக்குத் தேவை இவ்வளவுதான்.

இதற்கான சி ஷார்ப் நிரல் சீக்கிரம் எழுதி முடிந்துவிடும். நேரத்தைத் தின்பவை அனுமதிகளும், ஐகானின் சின்னச் சின்னக் குணங்களும், கணினிகளில் நிறுவும் வேலையும். நான் அங்கங்கே தேடிப் பொறுக்கி, சோதித்துப் பார்த்துச் சேர்த்தவற்றை வரிசைப்படுத்தித் தருகிறேன். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் இது பொருந்தும்.

1. தொடங்கும் முன் கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

விஷுவல் ஸ்டுடியோவின் கம்யூனிட்டி பதிப்பு போதும். தனிநபருக்கு இலவசம். சிறு நிறுவனமென்றால் 5 பேர் வரை இலவசமாகப் பயன்படுத்தலாம். 250 கணினிகளுக்கு மேலோ, ஆண்டுக்கு 10 லட்சம் டாலருக்கு மேல் வருமானமோ உள்ள நிறுவனமென்றால் இந்தச் சலுகை கிடையாது; உரிமம் வாங்க வேண்டும்.

சி ஷார்ப் நிரல் ஓடும் தளமான டாட்நெட்டில் எந்தப் பதிப்பு என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள். டாட்நெட் ஃபிரேம்வொர்க் 4.8 விண்டோஸ் 10-இன் 2019 மே பதிப்பிலிருந்து கணினியோடே வருகிறது. அதில் எழுதினால் உங்கள் கருவி சில கேபி அளவில் முடிந்துவிடும். வேறு எதையும் நிறுவ வேண்டாம். புதிய டாட்நெட் 8 அல்லது 10-இல் எழுதினால், வாடிக்கையாளர் கணினியில் நிரலை ஓட்டும் அதன் ரன்டைமை நிறுவ வேண்டும், அல்லது எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி நூறு எம்பியைத் தாண்டும் ஒரு மூட்டையாக அனுப்ப வேண்டும். ஓர் ஐகானுக்காக அவ்வளவு சுமை எதற்கு? என் பரிந்துரை 4.8 தான்.

அடுத்து, கண்காணிக்க வேண்டிய சேவைகளின் உண்மையான பெயர்கள். சர்வீசஸ் ஜன்னலில் தெரிவது காட்சிப் பெயர். விண்டோஸ் உள்ளே வைத்திருக்கும் சுருக்கப் பெயர் வேறு. "பிரின்ட் ஸ்பூலர்" என்று காட்டப்படும் சேவையின் உள்பெயர் "ஸ்பூலர்". சேவையின் மீது இரட்டைக் கிளிக் செய்தால் வரும் பெட்டியின் முதல் வரியில் அது இருக்கும். நிரலில் எப்போதும் உள்பெயரையே எழுதுங்கள். காட்சிப் பெயர் விண்டோஸின் மொழிக்கேற்ப மாறக்கூடியது.

கடைசியாக, ஒரு சோதனைக் கணினி. அதில் அட்மின் அல்லாத சாதாரணக் கணக்கு ஒன்று இருக்க வேண்டும். உங்கள் சொந்தக் கணினியில் அட்மினாக இருந்துகொண்டு சோதித்தால் இந்தக் கட்டுரையின் பாதிச் சிக்கல்கள் கண்ணில் படாமலே போய்விடும்.

2. சேவையையும் ஐகானையும் தனித்தனி நிரல்களாகப் பிரியுங்கள்

சேவைக்குள்ளேயே ஐகானைக் காட்டிவிடலாம் என்று பலர் தொடங்குகிறார்கள். முடியாது. விண்டோஸ் விஸ்டாவிலிருந்து சேவைகளெல்லாம் அமர்வு 0 என்ற தனி அறையில் ஓடுகின்றன. உள்நுழையும் மனிதர்களுக்கு அமர்வு 1-இல் தொடங்கி வேறு எண்கள். அமர்வு 0-இல் திறக்கும் ஜன்னல் யார் கண்ணுக்கும் தெரியாது. பழைய குறிப்புகளில் "டெஸ்க்டாப்புடன் உறவாட அனுமதி" என்ற கட்டத்தை டிக் செய்யச் சொல்லியிருப்பார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ஆகவே டிரே கருவி தனி நிரல். பயனர் உள்நுழையும்போது அது தொடங்கும், வெளியேறும்போது முடியும். ஒரே கணினியில் இரண்டு பேர் உள்நுழைந்திருந்தால் இரண்டு கருவிகள் ஓடும், அது சரிதான். ஆனால் ஒரே அமர்வில் இரண்டு ஓடக் கூடாது. அதைத் தடுக்க ஒரு மியூடெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒரு நிரல் மட்டுமே பிடிக்கக்கூடிய, பெயரிட்ட பூட்டு) வையுங்கள், பெயரின் முன்னொட்டு "லோக்கல்" என்று இருக்கட்டும். "குளோபல்" என்று வைத்தால் இரண்டாவதாக உள்நுழைபவருக்கு ஐகானே வராது.

நிரலின் வேராக ஒரு ஃபார்மை வைத்து அதை மறைக்க வேண்டாம். அப்ளிகேஷன் கான்டெக்ஸ்ட் என்ற வகுப்பிலிருந்து தொடங்கி, அதற்குள் டிரே ஐகானைக் காட்டும் நோட்டிஃபை ஐகானை உருவாக்குங்கள். ஜன்னல் ஒரு நொடி மின்னி மறைவது போன்ற தொல்லைகள் இதில் இல்லை.

3. நிலையைப் படிப்பது

நிலையைப் படிக்க டாட்நெட்டின் சர்வீஸ் கன்ட்ரோலர் வகுப்பு இருக்கிறது. அட்மின் உரிமை தேவையில்லை; பெரும்பாலான சேவைகளின் நிலையை, கணினியில் உட்கார்ந்திருக்கும் எந்தப் பயனரும் படிக்க விண்டோஸ் அனுமதிக்கிறது.

இங்கே முதல் பொறி. ஸ்டேட்டஸ் என்ற பண்பு ஒருமுறை படித்ததை நினைவில் வைத்துக்கொண்டு அதையே திருப்பித் தரும். ஒவ்வொரு முறையும் ரிஃப்ரெஷ் என்ற முறையை அழைத்த பிறகுதான் படிக்க வேண்டும். அழைக்காவிட்டால், சேவை நின்று ஒரு மணி நேரமான பிறகும் ஐகான் பச்சையாகவே சிரித்துக்கொண்டிருக்கும். கண்காணிப்புக் கருவி இல்லாத கடையைவிட, பொய் சொல்லும் கருவி இருக்கும் கடையின் நிலை மோசம். ஐகான் பச்சையாக இருப்பதால் எல்லோரும் பிரின்டரையும் கேபிளையும் சந்தேகித்துக்கொண்டிருப்பார்கள்.

நிலைகள் இரண்டல்ல, ஏழு: நின்றது, தொடங்குகிறது, நிற்கிறது, ஓடுகிறது, தொடரப்போகிறது, இடைநிறுத்தமாகிறது, இடைநிறுத்தப்பட்டது. இடைப்பட்ட நிலைகளுக்குத் தனி ஐகான் வையுங்கள். அப்போது மெனுவில் எல்லாக் கட்டளைகளையும் முடக்கி வையுங்கள். தொடங்கிக்கொண்டிருக்கும் சேவைக்கு இன்னொரு கட்டளை கொடுத்தால் பிழைதான் வரும்.

எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை படிப்பது? வழக்கமாக 3 நொடிக்கு ஒருமுறை, இடைப்பட்ட நிலையில் அரை நொடிக்கு ஒருமுறை என்று வைத்தால் கணினிக்குச் சுமையே தெரியாது. மாற்றம் நடந்தவுடன் விண்டோஸே வந்து சொல்லும் ஏபிஐ ஒன்றும் உண்டு. ஆனால் அதன் அழைப்பு வந்து சேர, அழைத்த திரெட் (நிரலுக்குள் ஓடும் ஒரு செயல் இழை) ஒரு குறிப்பிட்ட வகைக் காத்திருப்பில் இருக்க வேண்டும். சி ஷார்ப்பிலிருந்து அதைச் சரியாகக் கையாள்வது புதியவருக்குத் தலைவலி. முதல் பதிப்புக்கு டைமர் போதும்.

இரண்டாவது பொறி: "ஓடுகிறது" என்றால் "வேலை செய்கிறது" என்று பொருளல்ல. டேட்டாபேஸ் சேவை ஓடிக்கொண்டே புதிய இணைப்புகளை ஏற்காமல் இருக்கலாம். முக்கியமான சேவைகளுக்கு இன்னொரு சோதனையும் சேருங்கள். போஸ்ட்கிரெஸுக்கு 5432, மைஎஸ்கியூஎல்லுக்கு 3306 என்ற போர்ட்டில் இணைப்பு கிடைக்கிறதா என்று 30 நொடிக்கு ஒருமுறை பார்த்தால் போதும். ஓடுகிறது, ஆனால் பதில் இல்லை என்றால் மஞ்சள்.

மூன்றாவது பொறி காலையில் மட்டும் தலைகாட்டும். சேவையின் தொடக்க வகை "தானியங்கி, தாமதத்துடன்" என்று இருந்தால், கணினி எழுந்து இயல்பாக 120 நொடி கழித்துத்தான் விண்டோஸ் அதைத் தொடங்கும். கடையைத் திறப்பவர் அதற்குள் உள்நுழைந்துவிட்டால் சிவப்பு ஐகானைப் பார்த்துப் பதறி உங்களுக்குப் போன் செய்வார். கணினி எழுந்து முதல் 3 நிமிடத்துக்குச் சிவப்புக்குப் பதிலாக "காத்திருக்கிறது" என்று காட்டுங்கள்.

4. அனுமதி: அதிக நேரம் ஒதுக்க வேண்டிய படி

நிலையைப் பார்க்க யாராலும் முடியும். தொடங்கவும் நிறுத்தவும் இயல்பில் அட்மினால் மட்டுமே முடியும். சாதாரணப் பயனர் முயன்றால் பிழை எண் 5, அனுமதி மறுப்பு. இதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி, கருவி முழுவதையும் அட்மினாக ஓட்டுவது. மேனிஃபெஸ்ட்டில் (நிரலுக்குத் தேவையான உரிமையைச் சொல்லும் கோப்பு) ஒரு வரி மாற்றினால் போதும் என்பதால் எல்லோரும் இதைத்தான் முதலில் செய்கிறார்கள். அதன் பிறகு தானாகத் தொடங்கும் நிரல்களின் பட்டியலில் சேர்த்தால் கருவி தொடங்காது. அட்மின் உரிமை கேட்கும் நிரலை விண்டோஸ் அந்தப் பட்டியலிலிருந்து ஓட்டுவதில்லை. டாஸ்க் ஷெட்யூலர் வழியாகச் சுற்றிப் போகலாம். ஆனால் நாள் முழுவதும் திறந்திருக்கும் ஒரு நிரலுக்கு முழு அதிகாரம் கொடுத்து வைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

இரண்டாவது வழி, கருவி சாதாரணமாக ஓடட்டும். "தொடங்கு" என்று அழுத்தும்போது மட்டும் ஒரு சிறு துணை நிரலை அட்மினாக அழைப்பது. திரை மங்கி, அட்மின் அனுமதி கேட்கும் யுஏசி பெட்டி வரும். கணினியின் உரிமையாளரே பயனராக இருந்தால் இது நல்ல ஏற்பாடு. அவர் "வேண்டாம்" என்று அழுத்தினால் 1223 என்ற பிழை வரும். அதைப் பிடித்து அமைதியாக விட்டுவிடுங்கள், பிழைச் செய்தி காட்டாதீர்கள். கடவுச்சொல் தெரியாத பில் கவுண்டர் ஊழியருக்கு இந்த வழி உதவாது.

மூன்றாவது வழியே நம் கடைக்கு ஏற்றது: குறிப்பிட்ட சேவையை மட்டும், குறிப்பிட்ட குழுவினர் தொடங்கவும் நிறுத்தவும் அனுமதி கொடுப்பது. ஒவ்வொரு சேவைக்கும் எஸ்டிடிஎல் என்ற வடிவில் ஓர் அனுமதி வரி உண்டு. அதைப் பார்க்கவும் மாற்றவும் எஸ்சி (sc.exe) என்ற கமாண்ட் லைன் கருவி இருக்கிறது. எஸ்டிஷோ (sdshow) என்பது காட்டும், எஸ்டிசெட் (sdset) என்பது மாற்றும்.

செய்யும் முறை இது. அட்மினாக கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, எஸ்டிஷோவால் வரும் வரியை அப்படியே ஒரு உரைக் கோப்பில் சேமியுங்கள். இந்தக் கோப்புதான் இந்த வேலையின் மிக முக்கியமான ஆவணம். கணினியின் பெயர், சேவையின் பெயர், தேதி மூன்றையும் கோப்பின் பெயரிலேயே எழுதிவையுங்கள். பிறகு கணினியில் ஒரு குழுவை உருவாக்கி, கவுண்டர் ஊழியர்களின் கணக்குகளை அதில் சேருங்கள். விண்டோஸ் அந்தக் குழுவை அடையாளம் காணும் எஸ்ஐடி எண்ணை எடுத்து, அனுமதி வரியின் டி (D:) பகுதியின் கடைசியில், எஸ் (S:) பகுதி தொடங்குவதற்கு முன்னால், ஒரு புதிய அடைப்புக்குறித் தொகுதியாகச் செருகுங்கள். அதில் இருக்க வேண்டியவை இரண்டிரண்டு எழுத்துகளான குறிகள்: ஆர்பி (RP) என்றால் தொடங்கும் உரிமை, டபிள்யூபி (WP) நிறுத்தும் உரிமை, எல்சி (LC) நிலையைப் படிக்கும் உரிமை, எஸ்டபிள்யூ (SW) சார்ந்த சேவைகளைப் பட்டியலிடும் உரிமை. இந்த நான்கு போதும்.

டிசி (DC) என்ற குறியை மட்டும் எக்காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள். சேவையின் அமைப்பை மாற்றும் உரிமை அது. அதைப் பெற்றவர் சேவை எந்த நிரலை ஓட்ட வேண்டும் என்பதையே மாற்றலாம். சேவை, கணினியில் முழு அதிகாரமுள்ள லோக்கல் சிஸ்டம் கணக்கில் ஓடினால் கணினி முழுவதும் அவர் கைக்குப் போய்விடும். மாடி அறைச் சாவி கேட்டவருக்கு வீட்டையே எழுதிக்கொடுப்பது போன்றது. "எல்லா அனுமதியும்" என்று அள்ளிக் கொடுக்கச் சொல்லும் குறிப்புகளில் இது ஒளிந்திருக்கும்.

இன்னும் சில எச்சரிக்கைகள்:

எஸ்டிசெட் பழைய வரியோடு சேர்ப்பதில்லை, பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதுகிறது. உங்கள் துண்டை மட்டும் கொடுத்தால் அட்மினின் அனுமதியே பறிபோய்விடும். முழு வரியையும் கொடுங்கள்.

விண்டோஸோடு வரும் பவர்ஷெல் 5.1-இல் எஸ்சி என்று அடித்தால் இந்தக் கருவி ஓடாது. கோப்பில் எழுதும் வேறொரு கட்டளையின் சுருக்கப் பெயர் அது. "எஸ்சி ஸ்டாப் ஸ்பூலர்" என்று அடித்துப் பாருங்கள்: பிழை வராது, சேவையும் நிற்காது. நீங்கள் நிற்கும் ஃபோல்டரில் "ஸ்டாப்" என்ற பெயரில் ஒரு கோப்பு முளைத்திருக்கும். திறந்தால் உள்ளே "ஸ்பூலர்" என்று ஒரே சொல். எஸ்சி டாட் இஎக்ஸ்இ என்று முழுப் பெயரையும் அடியுங்கள், அல்லது கமாண்ட் பிராம்ப்ட்டிலேயே இருங்கள்.

புதிய அனுமதி வரி உடனே நடைமுறைக்கு வரும். கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டாம். ஆனால் குழுவில் புதிதாகச் சேர்க்கப்பட்ட பயனர் ஒருமுறை வெளியேறி மறுபடி உள்நுழைய வேண்டும். அதுவரை பிழை 5 தொடரும். அனுமதி வரியைச் சந்தேகித்து மாற்றி மாற்றி எழுதாதீர்கள்.

சி++ இல் எழுதுபவர்கள் சேவையைத் திறக்கும்போது தேவையான உரிமையை மட்டும் கேளுங்கள். எல்லா உரிமையும் வேண்டும் என்று கேட்டால், தொடங்கும் அனுமதி இருந்தும் மறுப்புதான் வரும்.

சேவையை நீக்கிவிட்டு மறுபடி நிறுவினால் அனுமதி வரி பழைய இயல்புக்குத் திரும்பிவிடும். ஆகவே இதைக் கையால் செய்து முடித்ததாக நினைக்காமல், உங்கள் சேவையை நிறுவும் நிரலிலேயே ஒரு படியாகச் சேர்த்துவிடுங்கள்.

5. தொடங்கு, நிறுத்து, மறுபடி தொடங்கு

கட்டளை கொடுத்ததும் வெயிட் ஃபார் ஸ்டேட்டஸ் என்ற முறையால் காத்திருக்கலாம். அதை மெனுவின் திரெட்டில் நேரடியாக அழைக்காதீர்கள், மெனு உறைந்துபோகும். தனிப் பணியாக ஓட்டி, கட்டாயம் ஒரு கால வரம்பு கொடுங்கள். வரம்பில்லாமல் விட்டால், மாட்டிக்கொண்ட சேவைக்காக நாள் முழுவதும் காத்திருக்கும். தொடங்கும் சேவை இயல்பாக 30 நொடிக்குள் விண்டோஸுடன் பேசாவிட்டால் 1053 என்ற பிழை எழும். ஆகவே உங்கள் வரம்பு அதைவிடச் சற்று அதிகமாக, 40 நொடி என்று இருக்கட்டும். அப்போது உண்மையான பிழை உங்கள் கைக்கு வரும்.

மறுபடி தொடங்குவதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஃபிரேம்வொர்க்கில் ஸ்டாப் என்ற முறை, அந்தச் சேவையைச் சார்ந்த மற்றச் சேவைகளையும் சேர்த்தே நிறுத்திவிடும். ஸ்டார்ட் அவற்றைத் திரும்பத் தொடங்காது. டேட்டாபேஸை மறுபடி தொடங்கியதும் அது பச்சையாகிவிடும், அதை நம்பி ஓடிய உங்கள் சேவை நின்றே கிடக்கும். நிறுத்தும் முன், சார்ந்தவற்றில் எவை ஓடிக்கொண்டிருந்தன என்று குறித்துவைத்து, பிறகு அவற்றையும் தொடங்குங்கள். அவற்றுக்கும் அனுமதி வரியில் இடம் தர மறக்காதீர்கள்.

பிழை எண்ணை அப்படியே காட்டாமல் செய்தியாக மாற்றுங்கள். 1058 என்றால் சேவை முடக்கப்பட்டிருக்கிறது. 1060 என்றால் அப்படி ஒரு சேவையே கணினியில் இல்லை. 1056 என்றால் ஏற்கெனவே ஓடுகிறது, இதைப் பிழையாகவே காட்ட வேண்டாம்.

செயலிழந்த சேவையைக் கருவியே தானாகத் தொடங்கட்டும் என்ற ஆசை வரும். வேண்டாம். சேவையின் பண்புகளில் "மீட்பு" என்ற தாவலில் முதல் தோல்வி, இரண்டாவது தோல்வி என்று விண்டோஸே செய்ய வேண்டியதைச் சொல்லிவைக்கலாம். யாரும் உள்நுழையாத நேரத்திலும் அது வேலை செய்யும். உங்கள் கருவி செய்யாது. இரண்டும் ஒரே நேரத்தில் தொடங்க முயன்றால் குழப்பமும் மிஞ்சும்.

6. ஐகானும் மெனுவும்

16, 20, 24, 32 பிக்சல் என்று நான்கு அளவுகளையும் ஒரே ஐகான் கோப்பில் வையுங்கள். திரையின் பெரிதாக்கல் (ஸ்கேல்) 125 விழுக்காடாக இருந்தால் 20 பிக்சல் தேவைப்படும். அது இல்லாவிட்டால் ஐகான் மங்கலாகத் தெரியும். சிவப்பு, பச்சை மட்டும் போதாது, நிறக்குருடு உள்ளவர்களுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றலாம். ஓடினால் வட்டம், நின்றால் பெருக்கல் குறி என்று வடிவத்தையும் மாற்றுங்கள். வெளிர் டாஸ்க்பாரில் வெள்ளை ஐகான் காணாமல் போகும், கவனம்.

ஐகான்களை முன்கூட்டியே கோப்பாகச் செய்துவைத்து ஏற்றுங்கள். ஒவ்வொரு முறையும் பிட்மேப் வரைந்து அதிலிருந்து ஐகான் எடுத்தால், எடுத்த ஹேண்டிலை (அந்த ஐகானுக்கு விண்டோஸ் தரும் அடையாள எண்) நீங்களே அழிக்க வேண்டும். அழிக்காவிட்டால் அவை கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, ஒரு நிரலுக்கு விண்டோஸ் இயல்பாக அனுமதிக்கும் 10,000 என்ற வரம்பைத் தொட்டதும் கருவி விழும். சோதனையில் தெரியாது, நாள்கணக்கில் ஓடிய கணினியில்தான் தெரியும்.

ஐகான்மேல் சுட்டியை வைத்தால் வரும் சிறு குறிப்புக்கு ஃபிரேம்வொர்க்கில் வரம்பு 63 எழுத்துக்குறிகள். மீறினால் பிழை எழும். தமிழில் எழுதுபவர்களுக்கு இது முக்கியம். "நிறுத்தப்பட்டது" என்பதில் நம் கண்ணுக்கு 9 எழுத்து. கணினி எண்ணுவதோ 15, ஏனென்றால் புள்ளியும் இகர, உகரக் குறிகளும் தனித்தனியாகக் கணக்கில் சேரும். மூன்று சேவைகளின் நிலையைத் தமிழில் எழுதினால் வரம்பு தாண்டிவிடும். "நின்றது" என்று சுருக்குங்கள், அல்லது "3-இல் 1 நின்றது" என்று மட்டும் காட்டி விவரத்தை மெனுவில் வையுங்கள்.

கருவி முடியும்போது ஐகானின் டிஸ்போஸ் முறையை அழைக்காவிட்டால், செத்த ஐகான் டாஸ்க்பாரில் தங்கி, சுட்டி பட்டதும் மறையும். விண்டோஸ் 11-இல் புதிய ஐகான் மேல்நோக்கிய அம்புக்குறிக்குள் ஒளிந்துகொள்ளும். நிரலால் அதை வெளியே இழுக்க முடியாது. செட்டிங்ஸில் டாஸ்க்பார் பகுதிக்குப் போய்ப் பயனரே இயக்க வேண்டும். நிறுவப் போகிறவர் இதைச் செய்துகொடுத்துவிட்டு வர வேண்டும்.

7. நிறுவும் முன் சோதனை

சாதாரணக் கணக்கில் உள்நுழைந்து இவற்றைச் செய்து பாருங்கள். ஸ்பூலரில் பழகுவது நல்லது, நின்றாலும் இழப்பில்லை, போஸ்ட்கிரெஸில் பழகாதீர்கள். டாஸ்க் மேனேஜரில் எக்ஸ்ப்ளோரரை மறுதொடக்கம் செய்யுங்கள், ஐகான் திரும்பி வர வேண்டும். கணினியைத் தூங்க வைத்து எழுப்புங்கள், நிலை புதுப்பிக்கப்பட வேண்டும். சேவையின் பிராசஸைப் பலவந்தமாகக் கொல்லுங்கள். சேவையை முடக்குங்கள். கருவி ஓடும்போதே சேவையை நீக்குங்கள், கருவி விழாமல் "சேவை இல்லை" என்று சொல்ல வேண்டும்.

8. கையொப்பமும் செலவும்

உங்கள் அலுவலகக் கணினிகளுக்கு மட்டும் என்றால் செலவே இல்லை. வெளியாட்களுக்குக் கொடுப்பதென்றால், டிஜிட்டல் கையொப்பமில்லாத நிரலைப் பதிவிறக்கியவருக்கு விண்டோஸின் ஸ்மார்ட்ஸ்கிரீன் பாதுகாப்பு எச்சரிக்கை வரும். நிரலில் கையொப்பமிடத் தேவையான கோட் சைனிங் சான்றிதழுக்கு ஆண்டுக்குச் சில நூறு டாலர் ஆகும். 2023 ஜூன் முதல் அதன் தனிச்சாவியை யுஎஸ்பி டோக்கன் போன்ற பாதுகாப்பான வன்பொருளிலோ அதற்கு நிகரான கிளவுட் சேவையிலோதான் வைக்க வேண்டும் என்பது விதி. டோக்கன் விலையையும் தபால் வரும் நாள்களையும் கணக்கில் சேருங்கள்.

விண்ணப்பிக்க நிறுவனத்தின் பதிவுச் சான்று, முகவரிச் சான்று, திரும்ப அழைத்துச் சரிபார்க்க ஒரு தொலைபேசி எண், விண்ணப்பிப்பவரின் புகைப்பட அடையாள அட்டை ஆகியவை வேண்டும். நிறுவனத்தின் பெயர் எல்லா ஆவணங்களிலும் எழுத்து மாறாமல் ஒன்றாக இருக்கட்டும். ஒன்றில் "பிரைவேட்" என்று முழுதாகவும் இன்னொன்றில் சுருக்கியும் இருந்தாலே கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள். இரண்டு வாரம் ஒதுக்கிவையுங்கள். நிரல் முடிந்த பிறகு விண்ணப்பிக்காமல், எழுதத் தொடங்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள். கையொப்பமிடும்போது நேர முத்திரையையும் சேருங்கள். இல்லாவிட்டால் சான்றிதழ் காலாவதியானதும், ஏற்கெனவே கொடுத்த நிரல்களின் கையொப்பமும் செல்லாமல் போகும்.

9. கருவியை நீக்கும்போது

நிறுவும் நிரல் எழுதும் அன்றே நீக்கும் நிரலையும் எழுதுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் கருவியை முதலில் முடிக்க வேண்டும். பிறகு தானாகத் தொடங்கும் பட்டியலிலிருந்து பெயரை எடுக்க வேண்டும். அடுத்து, நான்காம் படியில் சேமித்த உரைக் கோப்பிலிருந்து ஒவ்வொரு சேவையின் பழைய அனுமதி வரியையும் திரும்ப எழுத வேண்டும். அதற்கு முன் எஸ்டிஷோவால் இப்போதைய வரியை ஒருமுறை பாருங்கள். இடையில் வேறு யாராவது மாற்றியிருந்தால், முழு வரியையும் மேலெழுதாமல் உங்கள் குழுவின் தொகுதியை மட்டும் எடுத்துவிடுங்கள். குழுவைக் கடைசியில் நீக்குங்கள். முதலில் நீக்கினால் அனுமதி வரியில் பெயரற்ற ஒரு எஸ்ஐடி எண் மட்டும் தங்கிவிடும், அது யாருடையது என்று பின்னால் வருபவரால் கண்டுபிடிக்க முடியாது.